சுட்ட அவரை சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கார்த்திகையில் தொடங்கித் தை முடியும் வரை கும்பகோணம் தாராசுரம் மார்க்கெட்டிலும் தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட்டிலும் அவரைக்கும் மொச்சைக்கும் பஞ்சமே இருக்காது. கொள்ளிடக் கரைப் படுகையில் விடியற்காலை பறித்த காய் வெயில் ஏறுவதற்குள் கடைக்கு வந்துவிடும். அதைப் பொரியலாகவும் கூட்டாகவும் திருவாதிரைக்கு ஏழுகறிக் குழம்பாகவும் செய்து பழகிய நம் கை, கரி நெருப்பில் கம்பி வலை போட்டுச் சுடும்போது மட்டும் தடுமாறுகிறது. மொட்டைமாடியில் கோழி சுட மூட்டிய நெருப்பில் ஓரமாக ஒரு பிடி அவரையைப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கரித்துண்டாக எடுத்து, இது சுடுகிற காய் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுடுகிற காய்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குஜராத்தில் இதே அவரை இனத்துக் காயைக் கிழங்குகளோடு மண்பானையில் அடைத்து நெருப்பு மூட்டி வேகவைக்கிறார்கள், குளிர்காலம் வந்தால் அங்கே அதற்குத் தனி மவுசு.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாக் கோளாறும் தானாகப் புரியும். பிஞ்சு அவரையிலோ பீன்ஸிலோ பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். மேல்தோலில் ஈரம் இருக்கும் வரை அங்கே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, அதனால் சிவக்காது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி நாரையும் பருப்பையும் வேகவைத்த பிறகுதான் வெளியேற வேண்டும், அதற்கு முன்னால் போய்விட்டால் காய் காய்ந்துபோகுமே தவிர வேகாது. ஆக, மேலே ஈரம் சீக்கிரம் போக வேண்டும், உள்ளே ஈரம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காயின் வயசாக இருக்கும், இல்லாவிட்டால் நெருப்பின் நிலையாக இருக்கும். எண்ணெயும் மசாலாவும் அதற்குப் பிறகுதான். எந்தக் கோளாறு என்றாலும் முதலில் ஒரு காயை நடுவில் ஒடித்துப் பாருங்கள், அப்புறம் வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கும் கொஞ்சம் கீழே உள்ளங்கையைக் காட்டி எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் கடும் நெருப்பு. ஐந்தாறு வரை தாங்கினால் நடுத்தரம். பத்து எண்ணியும் கை சும்மா இருந்தால் அதில் அப்பளம் கூடப் பொரியாது.

வெளியே கருகிவிட்டது, கடித்தால் உள்ளே பச்சை

அதிகம் பேர் சொல்லும் புகார் இது. கடிக்கும்போது பல்லில் கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தால் உள்ளே வேகவில்லை என்று அர்த்தம், நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். காரணம் மூன்றில் ஒன்று. கரியில் இன்னும் ஜுவாலை அடங்கவில்லை, அல்லது வலை கரிக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது காய் முற்றிய பட்டை அவரை.

கரி முழுக்கச் சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாக மினுங்கும் வரை காத்திருங்கள். இருபது நிமிஷமாவது ஆகும். அவசரத்தில் கறுப்புக் கரி பாதி தெரியும்போதே காயைப் போடுவதுதான் பாதிப் பேருடைய கோளாறு. அகலமான அடுப்பு அல்லது பழைய சாந்துச் சட்டியில் கரி போட்டிருந்தால், கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். காயை முதலில் கரி உள்ள பக்கத்தில் போட்டுப் புள்ளி புள்ளியாகக் கருமை விழுந்ததும் காலிப் பக்கத்துக்குத் தள்ளி, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி நாலைந்து நிமிஷம் விட்டால் தன் ஆவியிலேயே வெந்துவிடும். குமுட்டி அடுப்பில் கரியை ஒதுக்க இடம் கிடையாது. அங்கே இரண்டு பக்கமும் செங்கல்லை நிறுத்தி வலையை உயர்த்துவதுதான் வழி. முதலில் தாழ்வாக வைத்து நிறம் ஏற்றி, அப்புறம் ஒரு கல் உயர்த்துங்கள்.

காய் முற்றத் தொடங்கி, உள்ளே கொட்டை இன்னும் புடைக்காதது என்றால் நெருப்பைத் திருத்திப் பயனில்லை. உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்து, பச்சைத்தண்ணீரில் அலசி, வேட்டித்துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்துவிட்டு வலையில் போடுங்கள். கொத்தவரங்காய்க்கு இது கட்டாயம், அதன் லேசான கசப்பும் குறையும். பிஞ்சு அவரைக்கும் இளம் காராமணிக்கும் தேவையில்லை. காராமணியை முதலில் அவித்தால் வலையில் துவண்டு கிடக்கும், சுட்ட ருசியும் ஏறாது.

கருகவும் இல்லை, வேகவும் இல்லை. தோல் சுருங்கி ரப்பர் மாதிரி இழுக்கிறது

முந்தையதற்கு நேர் எதிர். நெருப்பு தணிவு, காய் அதன்மேல் கால் மணி, இருபது நிமிஷம் கிடந்து உலர்ந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் கொதிக்காமலே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்படி ஆன காயை மீண்டும் நெருப்பில் போட்டால் இன்னும் மோசமாகும். அதை எடுத்துக் குழம்பில் போட்டுவிடுங்கள், அடுத்த ஈட்டைச் சரியாகச் செய்யுங்கள்.

நெருப்பு கடும் நெருப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சுருங்குகிறது என்றால், காயின் ஈரத்தைப் பாருங்கள். நம் பக்கம் கடையில் காய் வாடாமல் இருக்க ஈரச்சாக்கில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்து நாமும் அலசுகிறோம். அந்த ஈரத்தோடு வலையில் போட்டால் முதல் ஐந்து நிமிஷச் சூடு முழுவதும் மேல் தண்ணீரை விரட்டுவதிலேயே செலவாகிவிடும். அதே மாதிரி அரை மணி முன்னாலேயே உப்பைப் பிசிறி வைத்தால் உப்பு உள்ளேயிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துத் தட்டில் குளமாக்கிவிடும். காயை வலையில் போடுவதற்குச் சற்று முன்னால் உப்புப் போடுங்கள், அல்லது எடுத்த பிறகு போடுங்கள். நான் எடுத்த பிறகுதான் போடுவேன்.

இன்னொரு காரணம் யாரும் யோசிக்காதது. கோழிக்குப் போலவே அவரைக்கும் தயிர், எலுமிச்சை, புளி எல்லாம் தடவி ஊறவைக்கிறார்கள். புளிப்பு பட்டால் காய்கறியின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பசைப்பொருள் சூட்டில் இளகாது, எவ்வளவு நேரம் சுட்டாலும் காய் விறைப்பாகவே நிற்கும். புளியில் போட்ட காய் வேகாது என்று நம் வீட்டுச் சமையலறையில் காலங்காலமாகச் சொல்வது இதைத்தான். கூட்டானாலும் குழம்பானாலும் காய் வெந்த பிறகுதானே புளி ஊற்றுகிறோம், சுடும்போது மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

நார் பல்லில் மாட்டுகிறது

இதில் நெருப்பின்மேல் குற்றம் இல்லை. காம்பைக் கிள்ளி நுனி வரை இழுத்து, பிறகு நுனியைக் கிள்ளி மறுபக்கமும் இழுக்க வேண்டும், அவரைக்கு இரண்டு விளிம்பிலும் நார் உண்டு. வாங்கும்போதே ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து நார் தொங்கினால் முற்றல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே விதை நிழலாகத் தெரியும். அரிசி அளவு இருந்தால் அப்படியே சுடலாம், மொச்சை அளவு புடைத்திருந்தால் உரித்துக் கொட்டையை மட்டும் எடுங்கள்.

ஆடிப்பட்டத்தில் போட்டுப் பந்தலில் ஏற்றிய நாட்டு அவரை பகல் பொழுது குறைய ஆரம்பித்த பிறகே பூக்கும், அதனால்தான் வருஷத்தில் இந்தக் குளிர் மாசங்களில் மட்டும் அது கிடைக்கிறது. செடி அவரை எல்லா மாசமும் வரும், சுடுவதற்கும் ஆகும். ஆனால் ருசியில் பந்தல் அவரையின் பக்கத்தில் வராது. மார்கழிப் பனியில் பறித்த மொச்சைக் காயை உரித்தால் விரலில் ஒரு பிசுக்கும் வாசமும் ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்த வாசம் உள்ள காயைத்தான் தேடி வாங்க வேண்டும். அதே பனியில் அசுவினிப் பூச்சியும் வரும், காம்படியில் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும். மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு நன்றாக அலசிவிட்டு, மறக்காமல் துடைத்து உலர்த்துங்கள். ஓட்டை விழுந்த காயைப் பிரித்துப் பார்க்காமல் வலையில் போடாதீர்கள், உள்ளே புழு இருக்கும்.

காய் வலைக்குள் விழுகிறது, விழாதது ஒட்டிக்கொள்கிறது

கம்பிக்குக் குறுக்காக அடுக்குங்கள். அது போதாவிட்டால் அப்பளம் சுடும் நெருக்கமான எவர்சில்வர் வலையைப் பெரிய வலையின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பிஞ்சாக இருந்தால் ஏழெட்டு அவரையை வரிசையாகப் படுக்கவைத்து, இரண்டு முனைப் பக்கமும் பக்கத்துக்கு ஒரு தென்னை ஈர்க்குச்சி குத்தி ஏணி மாதிரி கோத்துவிட்டால் ஒரே திருப்பில் எல்லாம் திரும்பும். ஈர்க்குச்சி பச்சையாக இருந்தால் நல்லது, காய்ந்த குச்சி என்றால் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் குத்துங்கள், இல்லாவிட்டால் காய்க்கு முன்னால் அது எரிந்துவிடும். தோட்டத்துக்கு வேலி கட்டும் ஜிஐ கம்பி வலையை வெட்டி எடுத்து அடுப்பில் வைக்கவே கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் கெட்டுப் புகையாகக் கிளம்பும், அது உடம்புக்கு ஆகாது.

ஒட்டுவதற்குக் காரணம் வலை சூடாகாமல் இருப்பது. வெறும் வலையை நெருப்பில் ஐந்து நிமிஷம் காயவிட்டு, துணியில் தொட்ட எண்ணெயால் ஒரு இழுப்பு இழுத்த பிறகு காயை வையுங்கள். வைத்ததும் நோண்டாதீர்கள். நிறம் ஏறினால் தானே விடும்.

கசக்கிறது, புகை வாடை அடிக்கிறது

எந்தக் கசப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொண்டையில் நெடி ஏறி இருமல் வருகிறது என்றால் மிளகாய்த்தூளோ மசாலாவோ கருகியிருக்கிறது. தூள் எதையும் சுடுவதற்கு முன் தடவாதீர்கள், எடுத்த சூட்டோடு தூவினால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

நாக்கில் பிசுபிசுப்பாக, கரி படிந்த மாதிரி கசந்தால் எண்ணெய் சொட்டித் தீப்பிடித்திருக்கிறது. அரைக் கிலோ அவரைக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் தாராளம், தடவின பிறகு தட்டின் அடியில் ஒரு சொட்டுக்கூடத் தேங்கி நிற்கக் கூடாது. செக்கு நல்லெண்ணெய் வாசம் நமக்குப் பிடிக்கும், ஆனால் சுத்திகரித்த எண்ணெயைவிட அது சீக்கிரம் புகைந்துவிடும். அதனால் சுடுவதற்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய் தடவிவிட்டு, நல்லெண்ணெயைக் கடைசியில் பச்சையாக ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டுவதே சரி.

மண்ணெண்ணெய் வாடை என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. கரியைப் பற்றவைக்க தேங்காய் நாரும் காய்ந்த பாளையும் கொட்டாங்குச்சியும் நம் ஊரில் கொட்டிக் கிடக்கும்போது மண்ணெண்ணெய் எதற்கு?

கண் எரிகிற வெள்ளைப் புகையும் பச்சை விறகு வாடையும் வந்தால் கரி நமுத்துப் போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்குக் கரி தரையிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பற்றவைத்தால் படபடவென்று வெடித்துத் தெறிக்கும், சூடும் ஏறாது, பாதியில் தணிந்தும் போகும். மழைவிட்ட வெயிலில் ஒரு நாள் காயவைத்து, மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். சீமைக் கருவேலங்கரி நின்று எரியும். கொட்டாங்குச்சிக் கரி சுள்ளென்று சூடு தரும், ஆனால் சின்னத் துண்டாகக் கிடந்தால் சீக்கிரம் சாம்பலாகிவிடும். ஒரு ஈட்டுக்கு மேல் சுடுவதாக இருந்தால் கருவேலங்கரியை அடியில் போட்டு மேலே கொட்டாங்குச்சிக் கரியைச் சேருங்கள்.

மழை பெய்கிறதே என்று அடுப்பை அறைக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்திவிடாதீர்கள். புகையே தெரியாத சிவந்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆளை மயக்கி உயிரையே எடுத்துவிடும். நாலு பக்கமும் திறந்த தாழ்வாரம் என்றால் சரி. இல்லாவிட்டால் அன்றைக்குச் சுட வேண்டாம், பொரியல் செய்துகொள்ளலாம்.

மொச்சைக் கொட்டை கல்லாக இருக்கிறது, சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது

இந்த ஒரு கோளாறில் மட்டும் விளையாட்டு வேண்டாம். உரித்த கொட்டையை, அது பச்சை மொச்சையாக இருந்தாலும் சரி, நேராக நெருப்பில் போட்டு வேகவைக்க முயலக் கூடாது. அவரை, மொச்சை இனத்தில் முற்றிய விதையில் உடம்புக்கு ஒவ்வாத பொருட்கள் உண்டு, கொதிநீரில் நன்றாக வெந்தால்தான் அவை அடங்கும். ராஜ்மா இன்னும் கடுமை. அதில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் அரைவேக்காட்டில் அழியாமல் நின்று, சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும், தளதளவென்று கொதித்து வேகும்போதுதான் அது அழிகிறது. கரி நெருப்பில் கொட்டையின் மேல்தோல் கருகினாலும் நடுவில் என்ன சூடு என்று நமக்குத் தெரியாது. அதனால் வேகவைப்பது பானையில், மணம் ஏற்றுவது வலையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பச்சை மொச்சையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரு விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவிட்டு வடியுங்கள். காய்ந்த மொச்சை என்றால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். பிறகு வாழை இலைத் துண்டைத் தணலில் வாட்டி, அதில் மொச்சையும் சின்ன வெங்காயமும் கீறின பச்சைமிளகாயும் ஒரு கரண்டி எண்ணெயும் வைத்துப் பொட்டலமாக மடித்து, வாழைநாரால் கட்டி வலையில் பக்கத்துக்கு நாலு நிமிஷம் போடுங்கள். இலை கருகி அங்கங்கே பொத்தல் விழ ஆரம்பிக்கும்போது எடுத்தால், அந்த இலை மணமும் கரி மணமும் மொச்சையின் மணமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் செய்து பார்ப்பேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

தோலோடு சுட ஆசை என்றால், முழுக் காயை உப்புத் தண்ணீரில் அவித்து, உள்ளே கொட்டை வெந்துவிட்டதா என்று ஒன்றை உரித்துப் பார்த்துவிட்டு வலையில் போடலாம். மேல்தோல் கறுத்து வாய் பிளந்ததும் உரித்து உரித்துச் சாப்பிட வேண்டியதுதான். பச்சைத் துவரங்காய்க்கும் இதே முறை.

எவ்வளவு கொதித்தும் மொச்சை மசியவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடலோரக் கிணற்று நீரும் போர் தண்ணீரும் பல இடங்களில் கடினம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் வேகவையுங்கள், கேன் தண்ணீரும் ஆகும். ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், கூடிப்போனால் குழைந்து சோப்பு வாடை வரும்.

பச்சை நிறம் செத்துப் பழுப்பாகிவிட்டது

நெருப்பில் அதிக நேரம் கிடந்திருக்கிறது, அல்லது எலுமிச்சையை முன்னாலேயே பிழிந்திருக்கிறீர்கள். சூடும் புளிப்பும் சேர்ந்தால் பச்சையம் நிற்காது. பிஞ்சு அவரைக்குக் கடும் நெருப்பில் எட்டுப் பத்து நிமிஷம், காராமணிக்கு ஐந்தாறு நிமிஷம் போதும், எலுமிச்சை தட்டில் போடும்போது. ஊதா அவரை சுட்டதும் ஊதா போய்ப் பச்சையாவது கோளாறே இல்லை, அந்தச் சாயம் சூட்டில் நிற்காது, எப்படிச் சமைத்தாலும் அப்படித்தான்.

எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

ஆறவிட்டு உப்புப் போட்டிருப்பீர்கள். வலையிலிருந்து எடுத்த கையோடு அகலப் பாத்திரத்தில் போட்டு, நுணுக்கின கல்லுப்பும் இடித்த மிளகும் தூவிக் குலுக்குங்கள். கல்லுப்புத் தூள் அங்கங்கே கடிபட வேண்டும், அதுதான் இதற்கு அழகு. அதன்மேல் நல்லெண்ணெய், தேங்காய்த் துருவல், நாலைந்து சொட்டு நார்த்தங்காய்ச் சாறு. இட்லிப் பொடியும் பொருந்தும். சாஸ், சீஸ் எல்லாம் போடுகிறவர்கள் போடட்டும், அவரையின் வாசம் அதில் காணாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

மீந்தது மறுநாள் பிசுபிசுக்கிறது

தேங்காய் சேர்த்ததை வைக்கவே வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரிக்கே ஊசிப்போகும். வெறும் உப்பு மட்டும் போட்டது என்றால் ஆறினவுடன் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் பொடியாக நறுக்கித் தயிர்ப் பச்சடியில் போடலாம். வத்தக்குழம்பு கொதித்து இறக்கப் போகும் நேரத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது, கரி மணம் குழம்பு முழுக்க இறங்கும். பிசுக்கோ புளிச்ச வாடையோ தட்டினால் யோசிக்காமல் மாட்டுத் தொட்டியில்கூடப் போடாமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.